எட்டுப் பேருக்குப் புளியோதரை, தயிர்சாதம்: மதியம் வரை பதம் மாறாமல் இருக்க

கேள்வி: அலுவலகத்தில் எட்டுப் பேர் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோகிறோம். என் முறைக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் செய்கிறேன். காலை ஏழரைக்குக் கட்டுவேன். ஒரு மணிக்குத் திறந்தால் புளியோதரை விறைத்திருக்கிறது, தயிர்சாதம் புளித்து இறுகிவிடுகிறது. அளவும் சரியாக வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அளவு. புளியோதரைக்கு அரை கிலோ, தயிர்சாதத்துக்குக் கால் கிலோ பச்சரிசி போதும். அப்பளமோ வறுவலோ கூட இருந்தால் எட்டுப் பேருக்கும் வயிறு நிறையும்.

புளியோதரை விறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். உதிரியாக வரட்டும் என்று தண்ணீரைக் குறைத்தால், சூடாக இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆறியதும் கல் மாதிரி ஆகிவிடும். பழைய அரிசியாக வாங்கி, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்து முழுதாக வேகவிடுங்கள். உதிரிப் பதத்தை எண்ணெய் பார்த்துக்கொள்ளும். வெந்த சாதத்தை அகலத் தட்டில் பரப்பி, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயும் மஞ்சள்தூளும் விட்டு, கரண்டிக் காம்பால் கிளறி ஆறவிடுங்கள்.

புளிக்காய்ச்சலை முந்தின நாள் இரவே முடித்துவிடுங்கள். அரை கிலோ அரிசிக்கு 75 கிராம் புளி, 100 மில்லி நல்லெண்ணெய், பத்துப் பன்னிரண்டு மிளகாய் வற்றல், சுமார் 20 கிராம் கல்லுப்பு, பெருங்காயம், சுண்டைக்காய் அளவு வெல்லம். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மிதக்கும்வரை கொதிக்க வேண்டும். அதற்குமுன் இறக்கினால் பச்சைவாடை போகாது. அலுமினியச் சட்டி வேண்டாம், புளி அதை அரிக்கும். வறுத்துப் பொடித்த மல்லி, வெந்தயப் பொடியைக் காலையில் கலக்கும்போது தூவினால் மணம் நிற்கும். சாதம் உப்பையும் புளிப்பையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், காலையில் சுவை பார்க்கையில் இரண்டும் ஒரு படி தூக்கலாகவே இருக்கட்டும். வேர்க்கடலை நமத்துப்போகும், தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். கடலை ஒத்துக்கொள்ளாதவர் யாராவது இருந்தால் அவருக்கும் அதுதான் நல்லது.

தயிர்சாதத்தில் தயிரைப் பாதிக்குப் பாதி கலப்பதுதான் பிழை. ஒன்றுக்கு நாலு தண்ணீரில் குழைய வேகவைத்து, சூட்டோடு மசியுங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் காய்ச்சி ஆறிய பால் 600 மில்லியும், உறைக்குப் புளிக்காத தயிர் இரண்டு மேசைக்கரண்டியும் சேருங்கள். பால் டப்பாவுக்குள்ளேயே தயிராகி, மதியம் சரியான புளிப்பில் இருக்கும். கோடையில் ஒரு மேசைக்கரண்டித் தயிரே போதும். கட்டும்போது பாயசம்போலத் தளர்வாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இறுகிவிடும்.

சூடாக மூடாதீர்கள். ஆவி மூடியில் வேர்த்துச் சாதத்தில் சொட்டும், ஊசிப்போக அது ஒன்றே போதும். இரவு வடித்து வெளியிலேயே வைத்த சாதத்தைக் காலையில் கலக்கவும் கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கும். ஆறிய சாதத்தில் முளைத்து நச்சு விடும். பிறகு மைக்ரோவேவில் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது.

பரிமாற ஒவ்வொரு டப்பாவுக்கும் தனிக் கரண்டி வையுங்கள். எல்லோருக்கும் முதலிலேயே போட்டுவிட்டால் எச்சில் கை உள்ளே போகாது, மாலையில் பசிப்பவருக்கு மிஞ்சிய புளியோதரை உதவும். தயிர்சாதம் மிஞ்சினால் அலுவலகக் குளிர்பெட்டியில் வைத்தாலொழிய மாலைவரை வைத்திருக்க வேண்டாம்.