ஆணி எங்கே இருக்கிறது, பாருங்கள்

கேள்வி: தாத்தா தேன்கனிக்கோட்டைப் பக்கம் கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். பரணில் இரண்டடி நீளத்தில் இரண்டு பழைய இடுக்கிகள் கிடைத்தன. படம் அனுப்பியிருக்கிறேன். இவை எதற்கு? கையால் அடித்தவையா? எடைக்குப் போட்டுவிடலாமா?

பதில்: எடைக்குப் போட வேண்டாம். முதலில் இரண்டு பாதிகளையும் இணைக்கும் ஆணி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

முதல் படத்தில் ஆணி வாயை ஒட்டி இருக்கிறது. வாய் நாலு விரற்கடை, மீதியெல்லாம் கைப்பிடி. இது ஆசாரியின் குறடு. கைப்பிடி நீளமாக இருந்தால்தான் பழுத்த இரும்பு நழுவாது, கையிலும் சூடு ஏறாது. மூடினாலும் வாய் ஒட்டாமல் சந்து தெரிகிறதே, அது பழுதில்லை. எந்தத் தடிமன் பட்டையைப் பிடிக்க அடித்தாரோ, அந்த அளவுக்குச் சந்து. உட்புறம் குழிவாக இருந்தால் கம்பி பிடிக்க. பட்டறையில் ஏழெட்டுக் குறடு தொங்குவது இதனால்தான்.

இரண்டாவது அப்படியே தலைகீழ். ஆணி உச்சியில், கீழே நீளமான மெல்லிய கால்கள், நுனியில் காசு போல வட்டத் தகடு. இதில் இரும்பைப் பிடித்தால் அழுத்தம் நிற்காது. குளிர் காயும் கணப்பில் எரியும் கட்டையைப் புரட்டவும் கங்கு எடுக்கவும் ஆனது. நம் அடுப்படியில் இதற்கென்ன வேலை? உங்கள் தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்து ஊரான தளியின் குளிரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் அதைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்றார்கள். ஏதோ பங்களாவிலிருந்து ரிப்பேருக்கு வந்து தாத்தாவிடமே தங்கிவிட்டதோ என்னவோ. இது என் ஊகம்தான்.

சரி, கையால் அடித்ததா? இரண்டு பாதிகளையும் ஒப்பிடுங்கள். அச்சு அசலாக ஒன்று போல இருக்காது. விரலால் தடவினால் சுத்தி விழுந்த சப்பைகள் தட்டுப்படும். ஆணித்தலையும் ஒரு பக்கம் கோணியிருக்கும். வார்ப்பு என்றால் ஓரம் நெடுக மெல்லிய வரம்பு ஓடும். துரு அரித்த இடத்தில் மரநார் மாதிரி கோடுகள் தெரிந்தால் அது தேனிரும்பு, எஃகு பரவுவதற்கு முன் புழங்கிய இரும்பு. பழசு என்பதற்கு நல்ல அடையாளம். மற்றபடி, கையால் அடித்ததாலேயே நூறு வருசப் பழசு ஆகிவிடாது. இன்றைக்கும் பட்டறைகளில் குறடு அடிக்கிறார்கள்.

கிரைண்டர் வைக்காதீர்கள். தெரிந்தவர் ஒருவர் பளபளவென்று தேய்த்து சில்வர் பெயின்டும் அடித்துக் கொண்டுவந்தார். பார்க்க வேண்டிய தடம் ஒன்றுகூட மிச்சமில்லை. மண்ணெண்ணெய் தொட்டுக் கம்பி பிரஷால் லேசாகத் தேய்த்தால் போதும். கருப்புத் தோல் அப்படியே இருக்கட்டும். ஆணி இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். அப்புறம் கையாலேயே மெல்ல அசையுங்கள்.