மூங்கில் கன்று வாங்கும் முன் தாய்த்தூரின் வயதைக் கேளுங்கள்

கேள்வி: தருமபுரிப் பக்கம் ஒரு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. கல் மூங்கில் வைக்க ஆசை. "பழைய பெரிய தூரிலிருந்து பிரித்த கன்று, இரண்டாம் வருடமே வெட்டலாம், கழியை நாங்களே வாங்கிக்கொள்வோம்" என்கிறார் நாற்றங்கால்காரர். நம்பி வாங்கலாமா?

பதில்: கல் மூங்கில் என்ற முடிவு சரி. வறண்ட நிலத்தைத் தாங்கும். அங்கே கழி பொந்து இல்லாமல் கெட்டியாகவும் வரும். தண்ணீர் தேங்கும் பள்ளம்தான் ஆகாது.

ஆனால் "பழைய தூர்" என்பதை அவர் பெருமையாகச் சொல்கிறாரே, அங்கேதான் நான் தயங்குவேன். கல் மூங்கில் பெரும்பாலும் 25 முதல் 45 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும். மூங்கில் அரிசியை உதிர்த்துவிட்டு, தூரோடு பட்டுப்போகும். தூரிலிருந்து பிரித்த கன்று பார்க்கத்தான் சின்னது, வயதில் தாயோடு ஒன்று. தாய் பூக்கிற காலத்தில் அதுவும் பூத்துவிடும். நீங்கள் நான்கைந்து வருடம் பாடுபட்டு, வெட்டத் தொடங்கும் நேரத்தில் தோட்டமே காய்ந்து நின்றால் என்ன ஆவது? விதையிலிருந்து வந்த கன்றுக்கு இந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அதனால் விதைக்கன்றாகவே கேளுங்கள். தாயின் சிறு துண்டிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கும் திசு வளர்ப்புக் கன்று என்றாலும் தாயின் வயதைக் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இரண்டாம் வருட வெட்டு நடக்காத காரியம். மூங்கில் கழி முளைக்கும்போது என்ன பருமனோ அதுதான் கடைசிவரை, மரம்போலப் பருக்காது. முதல் வருடங்களில் விரல் பருமனில்தான் குருத்து வரும். தூர் வலுக்க வலுக்கத்தான் அடுத்தடுத்த குருத்து தடிக்கும். வந்த கழி முற்றவும் மூன்று வருடம் வேண்டும். ஆக, ஐந்தாம் வருடத்துக்கு முன் வருமானத்தை எதிர்பார்க்காதீர்கள். அப்புறமும் முற்றிய கழியை மட்டும், மழைக்காலம் தவிர்த்து வெட்ட வேண்டும்.

5 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 160 கன்று போதும். அதற்கு மேல் தலையில் கட்டப் பார்த்தால் மறுத்துவிடுங்கள். சின்னக் கன்றில் இனம் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதால், பில்லில் கல் மூங்கிலின் தாவரவியல் பெயரான டெண்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ் என்று எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்குவதாகச் சொல்வதும் எழுத்தில் இருக்கட்டும்: என்ன விலை, வெட்டுக்கூலி யாருடையது, வண்டி வாடகை யாருடையது என்று.

என்னைக் கேட்டால், முதலில் வரப்போரம் மட்டும் வையுங்கள். தக்காளிக்கு ஊன்றுகோல், பாகல் பந்தல், ஏணி, கருவிகளுக்குக் கைப்பிடி என்று சொந்தத் தேவைக்கே கழி போய்விடும். விற்றால்தான் காசு என்ற நெருக்கடி இருக்காது.

கேள்வி: ஆறு மாதம் முன்பு வாங்கிய மூங்கில் ஏணியில் மாவு கொட்டுகிறது. மருந்து அடித்தால் சரியாகுமா?

பதில்: அது துளைப்பான் வண்டு. கழியில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வருவது. இளசாக வெட்டிய, பதப்படுத்தாத கழியில்தான் அதிகம் விழும். மருந்து வண்டைக் கொல்லலாம், உளுத்த இடம் திரும்ப வலுவாகாது. தயவுசெய்து அதில் ஏறாதீர்கள். பில் இருந்தால் கடைக்காரரிடம் மாற்றிக் கேளுங்கள். அடுத்த முறை, மூன்று நான்கு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த கழியா அல்லது போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்குங்கள்.