கோயிலுக்குப் போயும் தனியாகவே நிற்கிறேன்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். வயது 44. கணவர் மாரடைப்பில் போய் ஒன்றரை வருடமாகிறது. ஓ.எல். படிக்கிற மகளோடு இருக்கிறேன்.

கலியாணமாகி வந்த காலத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கோயிலில் மாலை கட்டுவது என் வேலை. திருவெம்பாவைக்கு விடிய நாலு மணிக்கே எழும்பிப் போய்ப் பாடுவேன். ஆண்டுத் திவசம் முடிந்து திரும்பவும் போனேன். பூக்கூடையை எடுத்து வைத்து உட்கார்ந்ததும் ஒரு மாமி, “நீங்கள் இருங்கோ பிள்ளை, நாங்கள் பார்க்கிறோம்” என்று கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். குரலில் கடுமை இல்லை. அடுத்த வெள்ளியும் அதேதான். அம்மன் திருக்கல்யாணத்துக்கு எனக்குச் சொல்லவேயில்லை. இப்போது பின்தூணோடு நின்று கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

என்னோடு வேலை செய்கிற அக்கா ஒருவர் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர். கிழமைதோறும் வீட்டுக்கு வருவார். மகளுக்குக் காய்ச்சல் என்றதும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். என் கணவரைப் பற்றி நான் எவ்வளவு கதைத்தாலும் கேட்பார். ஞாயிறு சபைக்கு வரச் சொல்கிறார், எனக்கும் மனம் இழுக்கிறது. கணவரின் அண்ணன், “குடும்ப மானத்தை வாங்கப் போகிறாயா?” என்று கத்துகிறார். கோணேசரை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் விடியாது. நான் நினைப்பது துரோகமா?

ஒரு வாசகி

அன்புச் சகோதரி,

துரோகம் என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். கடிதத்தில் கோணேசர் மேல் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மனிதர்கள் மேல்தான்.

வழிபாட்டுக்கு ஒழுங்காகப் போகிறவர்களுக்கு மனநிறைவு ஏன் கூடுதலாக இருக்கிறது என்று அமெரிக்காவில் லிம், புட்னம் என்ற இருவர் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். அங்கே கிடைக்கும் நெருங்கிய நட்புதான் பெரிய காரணம் என்று கண்டார்கள். தவறாமல் போயும் அங்கே நட்பு என்று யாரும் இல்லாதவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. பின்தூணோடு நிற்கிற உங்கள் நிலைமை அதுதான்.

வராவிட்டால் “ஏன் காணவில்லை?” என்று கேட்க ஓர் ஆள், கைக்கு ஒரு வேலை, அழுதால் அவசரப்படுத்தாத காது. இவ்வளவும் நமக்கு வேண்டும். கணவரோடு அந்த மாலை கட்டுகிற வேலையையும் இழந்தீர்கள். அந்த இழப்புக்கு ஒருவரும் துக்கம் விசாரிக்கவில்லை. எனக்கு மிகவும் வலித்தது அந்தக் கூடைதான்.

திலகவதியாரை நினைத்துப் பாருங்கள். மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்துபோனார். வேறு மணம் வேண்டாம் என்றிருந்த அந்த அம்மா, திருவதிகைக் கோயிலில் கூட்டி மெழுகி, பூக்கொய்து மாலை கட்டினார். சமணத்துக்குப் போயிருந்த தம்பி சூலை நோயோடு திரும்பி வந்தபோது அவரைத் திட்டவில்லை, திருநீறு கொடுத்துச் சேர்த்துக்கொண்டார். அந்தத் தம்பிதான் அப்பர். மாமிக்கும் கணவரின் அண்ணனுக்கும் இந்தக் கதை தெரியாமலிராது.

அந்த மாமியைக் கோயிலில் வைத்துக் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய்த் தனியாக, “எனக்கு மாலை கட்ட வேண்டும், அது இல்லாமல் கோயிலுக்கு வருவது கஷ்டமாக இருக்கிறது” என்று சொல்லுங்கள். ஓய்வு கொடுப்பதாக நினைத்திருந்தால் கூடை திரும்பி வரும். அமங்கலம் என்று நினைத்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். அப்புறம் கோயில் பரிபாலன சபையிடம் பேசலாம். அதுவும் சரிவராவிட்டால் ஓர் அறநெறிப் பாடசாலையில் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகளுக்குத் திருவெம்பாவை சொல்லிக்கொடுக்க உங்களைப் போல ஆள் வேண்டியிருக்கும்.

சபைக்குப் போகிற அக்காவை விட்டுவிடாதீர்கள். “நீங்கள் வருவது எனக்குப் பெரிய ஆறுதல், ஞாயிறு பற்றி மட்டும் இப்போதைக்குக் கேட்காதீர்கள்” என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வருவார் என்றே நினைக்கிறேன். கோயிலில் பட்ட காயம் ஆறின பிறகும் உங்கள் மனம் அந்தப் பக்கமே போனால், அது உங்கள் தீர்மானம். விரும்பிய சமயத்தைத் தழுவும் சுதந்திரத்தை நம் அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை உங்களுக்குத் தருகிறது. கணவரின் அண்ணனிடம் சத்தம் போடாமல் அதைச் சொல்லலாம்.

மகளைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவளும் அப்பாவை இழந்தவள், பரீட்சையும் வருகிறது. அவள் யாரோடு மனம் விட்டுக் கதைக்கிறாள் என்று இந்தக் கிழமையே கேளுங்கள். இருவரில் யாருக்காவது நித்திரை, சாப்பாடு கெட்டிருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.