எம்டன் சென்னையைத் தாக்கிய இரவு: ஒரு கணினிப் படமும் அதைச் சுற்றிய கேள்விகளும்

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கியது. அந்தக் காட்சியை ஓர் இளம் கலைஞர் பிளெண்டர் மென்பொருளில் உருவாக்கி, கருத்துக் கேட்டு அனுப்பியிருக்கிறார். படத்தின் முன்பகுதியில் கப்பல். அதற்கு அப்பால் நகரம். நகரத்தின் மேல் முழுநிலவு. எண்ணெய்க் கிடங்கிலிருந்து எழும் பெரும் தீக்கோளம். படத்தைப் பார்த்த மற்றவர்களும் கேள்விகள் அனுப்பினார்கள். எல்லாவற்றுக்கும் இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, பல மாதங்கள் உழைத்த படம் இது. முதலில் எதைத் திருத்த வேண்டும்?

நிலவை. அதை அப்படியே எடுத்துவிடுங்கள். 1914 ஆகஸ்ட் 21 அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கிரகணம் அமாவாசையன்றுதான் வரும். அடுத்த அமாவாசை செப்டம்பர் 19ஐ ஒட்டி வந்திருக்கிறது. ஆகவே 22ஆம் தேதி வானில் இருந்தது மூன்றாம் பிறை. அதுவும் இரவு எட்டு மணியை ஒட்டி மேற்கே மறைந்திருக்கும். எம்டன் சுடத் தொடங்கியது ஒன்பதரை மணி அளவில். அப்போது நிலவொளியே கிடையாது.

இதைச் சின்னத் திருத்தம் என்று நினைக்காதீர்கள், உங்கள் படத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. நிலவை எடுத்துவிட்டால் நான்கு ஒளிகள் மட்டும் மிஞ்சும்: அணைக்கப்படாமல் எரிந்துகொண்டிருந்த நகர விளக்குகள், கப்பலின் தேடுவிளக்கு, பீரங்கி வாயின் பளிச்சிடல், எண்ணெய்த் தீ. அன்றைய தாக்குதலின் கதை முழுவதையும் இந்த நான்குமே சொல்லிவிடும். போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் சென்னை வெளிச்சமாகவே இருந்தது. கப்பல் தலைவர் கார்ல் ஃபான் முல்லருக்கு அந்த வெளிச்சமே வழிகாட்டியது. நிலவின் நீல ஒளியை எல்லா இடத்திலும் பரப்பிவிட்டால் இந்த உண்மை மறைந்துபோகும்.

வானத்தில் நட்சத்திரங்களை எப்படி வைப்பது? இணையத்தில் கிடைத்த ஒரு வானப் படத்தைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

அந்த வானத்தில் ஓரியன் விண்மீன் கூட்டம் தெரிகிறது. செப்டம்பர் கடைசியில் அதிலுள்ள திருவாதிரை நள்ளிரவை ஒட்டித்தான் உதிக்கும், அதுவும் கிழக்கே. உங்கள் கேமரா கடலிலிருந்து மேற்கே நகரத்தைப் பார்க்கிறது. அந்த நேரத்தில் தென்மேற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே கேட்டை நட்சத்திரம் இறங்கிக்கொண்டிருக்கும். புகை அதை மறைத்தாலும் தவறில்லை.

நகரம் மிகவும் அருகில் இருப்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது. சரியா?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். எம்டன் சுமார் 3,000 கெஜம், அதாவது ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் தொலைவில் இருந்து சுட்டது. அந்தத் தொலைவில் 10 மீட்டர் உயரத் தொட்டி ஒன்று, முழுநிலவின் அகலத்தில் பாதிகூட இருக்காது. படத்திலோ தொட்டிகள் கப்பலின் புகைபோக்கி உயரத்துக்கு நிற்கின்றன. சின்னதாகத் தெரியக் கூடாதே என்று கலைஞர் நகரத்தையே பெரிதாக்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கலைஞரே, அந்த ஆசை புரிகிறது. ஆனால் நகரத்தின் அளவைத் தொட வேண்டாம், லென்ஸை மாற்றுங்கள். இப்போது 35 மி.மீ. லென்ஸில் கப்பலை ஒட்டி நிற்கிறீர்கள். கேமராவை ஒன்றரை கிலோமீட்டர் பின்னுக்குக் கொண்டுபோய் 400 மி.மீ. வையுங்கள். 118 மீட்டர் நீளமுள்ள எம்டன் படத்தின் அகலத்தைக் கிட்டத்தட்ட நிரப்பும். பின்னால் கரையில் இருப்பவையும் கண்ணுக்குப் பிடிபடும் அளவில் எழுந்து நிற்கும். தொலைவு மாறாமலே நெருக்கம் கிடைத்துவிடும்.

எம்டனுக்கு நான்கு புகைபோக்கிகள் என்று படித்த நினைவு. படத்திலும் நான்கு இருக்கின்றன.

கப்பலில் இருந்தவை மூன்று. நான்காவது, பிரிட்டிஷ் கப்பலான யார்மவுத் போல ஏமாற்றுவதற்காகப் பொருத்திய போலி. அக்டோபர் 28 அன்று பினாங்கில் ரஷ்யக் கப்பல் செம்சுக்கை மூழ்கடித்தபோது அந்த வேடம் பெரிதும் பயன்பட்டது. சென்னைக் காட்சிக்கு மூன்று போதும்.

கப்பலைப் பற்றி இன்னும் சில. நிறம் வெள்ளையாக இருக்கிறது. அது அமைதிக்கால நிறம். போர் தொடங்கியதும் சாம்பல் பூசிவிட்டார்கள். அந்தச் சாம்பலும் புதிதாக மின்னக் கூடாது. நடுக்கடலில் நிலக்கரிக் கப்பலோடு உரசி உரசிக் கரி ஏற்றிய கப்பல் அது. பக்கவாட்டில் கீறலும் துருவும் கரித்தூளும் வேண்டும். பீரங்கிகளை இரட்டைக் குழல் சுழல்கூண்டுகளில் வைத்திருக்கிறீர்கள். அது பிற்காலக் கப்பல்களின் அமைப்பு. எம்டனில் இருந்தவை 10.5 செ.மீ. ஒற்றைக் குழல் பீரங்கிகள் பத்து. முன்னால் அருகருகே இரண்டு, பின்னால் அருகருகே இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்று. ஒரு பக்கமாக ஐந்துதான் சுட முடியும். எனவே ஒரே நேரத்தில் எட்டு வாய்களில் தீப்பொறி வரவே முடியாது.

கொடியை உடனே மாற்றுங்கள். ஸ்வஸ்திகா 1914இல் ஜெர்மன் கடற்படைக் கொடியில் கிடையாது. வெள்ளைத் துணியில் கருஞ்சிலுவை, நடுவில் கழுகு, மேல் மூலையில் கறுப்பு வெள்ளை சிவப்புப் பட்டைகள்: இதுவே சரி.

தீக்கோளம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதையும் குறை சொல்வீர்களா?

சொல்லத்தான் வேண்டும். குண்டு பட்டதும் தொட்டி வெடித்து உருண்டையாக எழுவது சினிமாவுக்காகப் பெட்ரோலை வெடிக்கவைத்து எடுக்கும் காட்சி. எண்ணெய்த் தொட்டி துளைக்கப்பட்டு, எண்ணெய் கசிந்து, பற்றிக்கொண்டு, பிறகு மேலேறி எரியும். தீயைவிடப் புகையே பெரிது. கரிய, கனமான புகை. அடிப்பகுதியில் மட்டும் ஆரஞ்சு ஒளி பட வேண்டும், மேலே போகப் போக இருட்டில் கரைய வேண்டும். இரண்டு தொட்டிகள் எரிந்தன. சுமார் 3,46,000 கேலன் எண்ணெய் போனது. இன்னொன்று: கரைப் புகை தெற்கே சாய்கிறது, கப்பல் புகை வடக்கே சாய்கிறது. இரண்டுக்கும் ஒரே காற்று வேண்டாமா?

தேடுவிளக்கின் கற்றையை மஞ்சளாக வைக்கலாமா?

வேண்டாம். அது கார்பன் வில்விளக்கு. நீலம் கலந்த வெள்ளை. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் (எண் கூடக் கூட நீலம் கூடும்) தீ இரண்டாயிரத்தை ஒட்டியும், கற்றை ஐயாயிரத்துக்கு மேலும் இருக்கட்டும். இரண்டும் ஒரே நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும்போது படம் எவ்வளவு அழகாகும் என்று பாருங்கள். கற்றையின் அடர்த்தியைப் பாதியாகக் குறையுங்கள். தெளிந்த காற்றில் அது மெலிதாகத்தான் தெரியும், புகையை ஊடுருவும் இடத்தில் மட்டும் பளிச்சிடும்.

கடற்கரையில் கலங்கரை விளக்கம் இருக்கிறதே, அது அப்போது உண்டா?

படத்தில் இருப்பது மெரினாவின் முக்கோணக் கோபுரம். அது 1977இல் திறக்கப்பட்டது. 1914இல் விளக்கு உயர்நீதிமன்றக் கட்டடத்தின் குவிமாடக் கோபுரத்தின் மேல் இருந்தது. துறைமுகத்தில் தெரியும் கன்டெய்னர் கிரேன்களும் போக வேண்டும். சென்ட்ரல் நிலையத்தின் மணிக்கூண்டு இருக்கலாம்.

ரெண்டரில், அதாவது கணினி கணக்கிட்டுத் தரும் இறுதிப் படத்தில், புள்ளிப் புள்ளியாக இரைச்சல் வருகிறது.

புகை வால்யூமைக் கணினி கணக்கிடும் படி அளவைக் குறைத்து, சாம்பிள்களை (ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியைக் கணக்கிடும் தடவைகளை) கூட்டுங்கள். இரைச்சலைத் துடைக்கும் டீநாய்சரை மட்டும் நம்பினால் கடல் அலைகள் மெழுகுபோல ஆகிவிடும்.

செண்பகராமன் பிள்ளையைக் கப்பலின் மேல்தளத்தில் நிற்கவைக்கலாமா? எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அவர்மீது மதிப்பு வைத்தே சொல்கிறேன், வேண்டாம். அந்த நாட்களில் அவர் ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்காக வேலை செய்துகொண்டிருந்தார். அந்த வேலை அவருடைய பெருமைக்குப் போதுமானது. அவரைத் தனியாக, சூரிச்சிலோ பெர்லினிலோ வைத்து ஒரு படம் செய்யுங்கள்.

படத்தில் மனிதர்களே இல்லையே?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நன்றி. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பல்மீதும் குண்டுகள் விழுந்தன. அன்றிரவு குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். எண்ணெய்த் தீ கண்ணைப் பறிப்பதால் எல்லா ஓவியங்களும் அங்கேயே நின்றுவிடுகின்றன. இந்தப் படத்தில் சுப்ராவே இல்லை என்பது நிலவைவிட எனக்கு வருத்தம் தந்தது. தீயின் முன் கருநிழலாக அதன் பாய்மரங்களையும் புகைபோக்கியையும் வையுங்கள். தளத்தில் இரண்டொரு உருவங்கள் போதும், 400 மி.மீ. லென்ஸில் அவை மிகச் சிறிதாகத்தான் இருக்கும், ஆனாலும் இருக்க வேண்டும்.

இதன் தொடர்ச்சியாக இரண்டாம் படம் செய்ய நினைக்கிறேன். எந்தத் தருணம்?

சுமார் அரை மணி நேரத்தில் 125க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டு எம்டன் கிளம்பிய தருணம். கரைப் பீரங்கிகள் சுட்ட சில குண்டுகளில் ஒன்றும் கப்பல்மீது படவில்லை. கரையிலிருந்து பார்ப்பவர்கள் நம்பும்படி விளக்கைக் காட்டிக்கொண்டே வடக்கு நோக்கிப் போய், பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தெற்கே திரும்பினார் முல்லர். கேமராவைக் கரையில் வையுங்கள், எரியும் தொட்டி முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி. முதலில் கப்பல் விளக்கின் பிரகாசத்தைத் தீர்மானித்துவிட்டு, மற்ற வெளிச்சங்களை அதற்கேற்ப அமையுங்கள். முதல் படத்தைத் திருத்தியதும் அனுப்பி வையுங்கள், பார்க்கிறேன்.