சோதனையில் பாஸ், வீட்டில் மறதி

வலிப்பும் மறதியும் பற்றிய வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், வலிப்பு நோயாளிகளுக்கு நினைவாற்றல் சோதனை செய்யும் மருத்துவ உளவியலாளர்.

கேள்வி: எனக்கு 36 வயது. பல வருடங்களாக வலிப்பு இருக்கிறது. கீழே விழுந்து கை, கால் இழுக்கிற வகை இல்லை. வயிற்றிலிருந்து ஏதோ மேலேறுவது போல இருக்கும். பிறகு ஓரிரு நிமிடம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பேனாம். அலுவலக வேலையில் குறையில்லை. ஆனால் போன வருடம் குடும்பத்தோடு போன பயணம் சுத்தமாக நினைவில் இல்லை. படங்களில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்; பார்த்தால் யாரோ ஒருத்தி மாதிரி இருக்கிறது. நினைவாற்றல் சோதனை செய்துவிட்டு எல்லாம் சரி என்றார்கள். "சோதனையில் பாஸ், வீட்டில் மட்டும் மறதியா?" என்கிறார் கணவர்.

அந்தச் சோதனையைச் செய்கிறவள் நான். அதனால் அதன் எல்லை எனக்குத் தெரியும். ஒரு சொற்பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டுவோம், ஒரு சின்னக் கதை சொல்வோம், ஒரு படத்தைப் பார்த்து வரையச் சொல்வோம். பிறகு பேச்சை மாற்றிவிட்டு, சுமார் 30 நிமிடம் கழித்து அவற்றையே கேட்போம். சொல்லிவிட்டால் "நினைவாற்றல் இயல்பு" என்று எழுதுவோம். ஆக, உங்கள் அறிக்கை சொல்வது அரை மணி நேரத்தைப் பற்றித்தான். உங்கள் பிரச்சினை அதற்குப் பிறகு தொடங்குகிறது.

வலிப்பு உள்ள சிலருக்கு, குறிப்பாகக் காதுக்கு மேலே, பொட்டுப் பக்கத்து மூளைமடலில் (டெம்போரல் லோப்) வலிப்பு தொடங்குபவர்களுக்கு, இது நடக்கிறது. கேட்டது, பார்த்தது எல்லாம் முதலில் ஒழுங்காகப் பதியும். அன்று மாலை கேட்டால் சொல்வார்கள். சில நாளில், சில வாரத்தில், மற்றவர்களைவிட வேகமாக அது கரைந்துவிடும். ஈரம் காய்வதற்குள் துடைபட்ட மை எழுத்து மாதிரி. அனுபவம் நிலைத்த நினைவாக மாற நாட்கணக்கில் ஆகிறது, தூக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. நடுவில் வருகிற வலிப்போ, வெளியே தெரியாத மின்பொறிகளோ அந்த வேலையைக் கலைக்கலாம் என்று கருதப்படுகிறது. நீங்கள் சொல்லும் வயிற்று உணர்வும் வெறித்த பார்வையும் அந்த மடலின் வலிப்பில் அடிக்கடி காணப்படுபவை. உங்கள் மருத்துவர் இ.இ.ஜி.யையும் (மூளையின் மின்னலைப் பதிவு) எம்.ஆர்.ஐ.யையும் வைத்து எந்தப் பகுதி என்று சொல்லியிருப்பார், சொல்லாவிட்டால் கேளுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: "ஒரு வாரம் கழித்து அதே பட்டியலை என்னிடம் மறுபடி கேட்க முடியுமா?" பல இடங்களில் அதைச் செய்வதில்லை. நோயாளியை மறுபடி வரச் சொல்ல வேண்டுமே என்பதுதான் பெரும்பாலும் காரணம். போனில் கேட்டால்கூடப் போதும்.

காலையில் நாக்கு கடிபட்டிருப்பது, காரணமில்லாமல் உடம்பு அடித்துப்போட்டது போல் வலிப்பது, படுக்கை நனைந்திருப்பது, எழுந்தவுடன் குழப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தூக்கத்தில் வருகிற வலிப்பை யாருமே கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

போன பயணம் திரும்பி வரும் என்று பொய்யாக ஆறுதல் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் வராது. அடுத்த பயணத்தைக் காப்பாற்றலாம். படம் எடுத்தால் மட்டும் போதாது. அன்றிரவே ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: யார் என்ன சொன்னார்கள், எதற்குச் சிரித்தோம். மறுநாள் ஒரு முறை, அந்த வாரக் கடைசியில் ஒரு முறை, மாதக் கடைசியில் ஒரு முறை கணவரோடு உட்கார்ந்து அதைப் பேசுங்கள். முதலில் நீங்கள் சொல்ல வேண்டும், விட்டுப்போனதை அவர் சொல்ல வேண்டும். அவருக்கும் ஒரு வேலை கிடைக்கும். குறுக்கு விசாரணையைவிட நல்ல வேலை.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. "மாத்திரை போட்டியா?" என்றால் "போட்டேன்பா" என்கிறாள். போய்ப் பார்த்தால் மாத்திரை அப்படியே இருக்கிறது. பொய் சொல்லும் பெண் இல்லை அவள். எல்லாவற்றையும் எழுதி வை என்று டாக்டர் சொல்கிறார். அப்படிப் பழக்கினால் மூளை சோம்பேறியாகிவிடாதா?

பொய் சொல்லும் பெண் இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதையே பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி செய்கிற காரியத்தில் நேற்றையும் இன்றையும் பிரித்தறிவது யாருக்குமே கடினம். வாசலைப் பூட்டினேனா என்று பாதி வழியில் நிற்காதவர் உண்டா? அவளுக்கு நினைவிருப்பது நேற்றுப் போட்டதாக இருக்கலாம். "போட்டியா?" என்று கேட்கும்போது எந்த இடத்தில் அவள் பலவீனமோ அங்கேயே பரீட்சை வைக்கிறீர்கள். கேள்வியை விட்டுவிட்டு, கிழமை போட்ட அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். அறை காலியா இல்லையா என்பதை இருவரும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். பெட்டியை நிரப்புவதும் போனில் அலாரம் வைப்பதும் அவள் பொறுப்பாக இருக்கட்டும். 19 வயதில் அது முக்கியம். ஒருவேளை விட்டுப்போனால் என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, பெட்டி மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். அவளாக இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்து விழுங்கக் கூடாது.

சோம்பேறித்தனத்துக்கு வருவோம். 1953இல் ஹென்றி மொலைசன் என்பவருக்கு, கட்டுக்கடங்காத வலிப்புக்காக வில்லியம் ஸ்கோவில் அறுவை சிகிச்சை செய்தார். மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும் பங்கு அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது, ஆனால் புதிதாக எதையும் நினைவில் வைக்கும் திறன் போய்விட்டது. 2008இல் இறக்கும்வரை அப்படியே இருந்தார். அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தைச் சுற்றிக் கோடு வரையச் சொன்னார். நாளுக்கு நாள் மொலைசனின் கை தேறியது. முன்பு வரைந்த நினைவே அவருக்கு இல்லை. பழக்கத்துக்கும் சம்பவ நினைவுக்கும் மூளையில் வேறு வேறு வழிகள் இருக்கின்றன என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம். உங்கள் மகளுக்கு நேர்ந்திருப்பது அவ்வளவு பெரியதல்ல. ஆனாலும் பலவீனமான வழியைத் திட்டித் திட்டி இழுப்பதைவிட, நன்றாக இருக்கிற வழியைப் பயன்படுத்தலாமே. பெட்டி எப்போதும் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் இருக்கட்டும். குறிப்பு எழுத ஒரே ஒரு நோட்டு. பத்துத் துண்டுச் சீட்டு வேண்டாம், அவற்றைத் தேடுவதற்கே தனி ஞாபகம் வேண்டும். எழுதிவைப்பதால் மூளை கெடாது. புதிர்ப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் புதிர் போடுவதில்தான் தேர்ச்சி வரும். மாத்திரை ஞாபகம் அதனால் வந்துவிடாது.

கேள்வி: டோபிராமேட் தொடங்கியதிலிருந்து பேசும்போது வார்த்தை சிக்குகிறது. நானாகப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாமா?

கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று குறைத்தால், நிறுத்தினால் நிற்காத தொடர் வலிப்பு வரலாம். அது உயிருக்கு ஆபத்து.

உங்கள் சந்தேகம் நியாயமானது. வார்த்தை சிக்குவது டோபிராமேட்டின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. அளவு கூடக் கூட அதிகமாகும். மருத்துவர் அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பொதுவாகச் சரியாகிவிடும். பழைய பினோபார்பிட்டோனும் சிந்தனையை மந்தப்படுத்தும். லாமோட்ரிஜின், லெவெடிராசிட்டம் போன்றவை நினைவாற்றலைப் பொதுவாக அவ்வளவு தொடுவதில்லை. பின்னது சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் கொடுக்கும். வீட்டில் உள்ளவர்கள்தான் அதை முதலில் கவனிப்பார்கள்.

மருத்துவரிடம் "ஞாபகம் சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் "வயசாகிறதே" என்று பொதுவாகவே பதில் வரும். "மருந்தளவு கூட்டிய வாரத்திலிருந்து, கூட்டத்தில் பேசும்போது தெரிந்த பெயர்கள்கூட வருவதில்லை" என்று சொல்லுங்கள். தூக்கம் எப்படி, மனசு எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறதி அதிகம் என்று வருந்துவது, பலருக்குச் சோதனை மதிப்பெண்ணைவிட மனச்சோர்வோடுதான் அதிகம் ஒத்துப்போகும். அதற்குத் தனியாக வைத்தியம் உண்டு.

கேள்வி: 61 வயது. சில நாள் காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்கிறார் மனைவி. பிறகு சரியாகிவிடுகிறது. இது முதுமை மறதியின் ஆரம்பமா?

வந்து வந்து போவதும், தூங்கி எழும்போது வருவதும் வேறு திசையைக் காட்டுகின்றன. நடுத்தர வயதுக்குப் பிறகு தொடங்குகிற ஒரு வகை வலிப்பில் கை, கால் எதுவும் இழுக்காது; கொஞ்ச நேர மறதிதான் வலிப்பே. வழக்கமான இ.இ.ஜி.யில் தெரியாமல் போகலாம், தூக்கத்தில் எடுத்தால் சிலருக்குத் தெரியும். பலருக்கு மருந்தில் நன்றாகக் கட்டுப்படுகிறது. அதுதான் என்று நரம்பியல் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதுவரை வண்டி ஓட்டாதீர்கள். அடுத்த முறை வரும்போது மனைவி போனில் வீடியோ எடுக்கட்டும், தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளட்டும். முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் பலவீனமானாலோ வீடியோ எல்லாம் வேண்டாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.