240,000 யூரோவுக்கு ஒரு பழைய பென்ஸ்: கடைசி இலக்கம் ஆறா, ஏழா?

கேள்வி: வணக்கம். 1986இல் ஜேர்மனிக்கு வந்தவன். இப்போது வயது 57. சின்டல்ஃபிங்கன் மேர்சிடஸ் தொழிற்சாலையில் 27 வருடமாக வேலை செய்கிறேன். ஸ்ருட்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கார் வியாபாரி, முழுவதும் புதுப்பித்த 1970ஆம் ஆண்டு 280 எஸ்இ 3.5 கப்ரியோலே (கூரையை மடிக்கும் திறந்த கார்) ஒன்றை 240,000 யூரோவுக்குத் தருவதாகச் சொல்கிறார். தன் வாடிக்கையாளர் ஒருவர் சார்பில் விற்கிறாராம். நிலை "ஒன்று" என்கிறார். என்னிடம் உலகப் பங்குக் குறியீட்டு நிதியில் 210,000 யூரோ இருக்கிறது. அதில் நான் போட்டது 130,000. டாகஸ்கெல்ட் கணக்கில், அதாவது எப்போதும் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில், 70,000. வீட்டுக் கடன் இன்னும் 60,000 இருக்கிறது, வட்டி ஒப்பந்தம் 2028இல் முடிகிறது. காரைப் பத்து வருடம் வைத்திருந்து விற்றால் நல்ல லாபம், வரியும் இல்லை என்கிறார்கள். அதுவரை நம் ஆட்களின் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டால் செலவும் கட்டுப்படியாகும் என்று நினைக்கிறேன். என் அப்பா யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 வாடகைக்கு ஓட்டினவர், அதனால் பழைய கார் என்றால் எனக்கு உயிர். மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை. வாங்கலாமா?

பதில்: அண்ணா, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காசில், இந்த விலைக்கு வாங்க வேண்டாம். ஆசையைக் குறை சொல்லவில்லை. 27 வருடம் வேலை செய்த அதே ஊரில் செய்த காரை ஒருவர் விரும்புவதில் என்ன பிழை? ஆனால் நீங்கள் என்னிடம் கேட்டது முதலீடாக இது சரிவருமா என்று. அதற்குக் கணக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

காரைப் பற்றி வியாபாரி பெருமையாகச் சொல்லியிருப்பார், அதில் பெரும்பகுதி உண்மைதான். போல் பிராக் வரைந்த உடல், 1961இல் வந்த வடிவம். அதன் கடைசிக் காலத்தில், 1969 முதல் 1971 வரை, 200 குதிரைவலு தரும் 3.5 லீற்றர் வி8 இயந்திரத்தை வைத்துச் செய்தார்கள். அந்த இயந்திரத்தோடு வந்த திறந்த கார்கள் மொத்தம் 1,232 மட்டுமே. மரப்பலகை முகப்பு, தோல் இருக்கை, பல அடுக்குத் துணிக் கூரை என்று கையால் செய்த வேலை நிறைய. அதனால்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள்.

அதே காலத்தில் அதே இயந்திரத்தோடு மூடிய கூப்பேயும் செய்தார்கள், அது 3,270. முன்பக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். விலையோ திறந்த காருக்கு இரண்டு மடங்குக்கும் மேல். இவ்வளவு இடைவெளி இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே விளங்கும். கூப்பேயின் கூரையை அறுத்துக் கப்ரியோலே ஆக்கி விற்றவர்கள் இருக்கிறார்கள். ஆறு சிலிண்டர் கப்ரியோலேக்குள் வி8 இயந்திரத்தை இறக்கி 3.5 என்று விற்றவர்களும் இருக்கிறார்கள். பெயின்ற் அடித்து, தோல் தைத்து, குரோமியம் பூசி நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியாது.

தெரிவது எண்ணில்தான். காரின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் எண் 111.027 என்று தொடங்கினால் அது 3.5 கப்ரியோலேயாகவே பிறந்த கார். 111.026 என்றால் கூப்பே. 111.025 என்றால் ஆறு சிலிண்டர் 280 எஸ்இ கப்ரியோலே. கடைசி இலக்கம் ஒன்றில்தான் நூறாயிரம் யூரோவுக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணும், இயந்திரத்தில் உள்ள எண்ணும், கார் தொழிற்சாலையை விட்டு வெளியே போனபோது எழுதிய தரவு அட்டையும், அதாவது டாட்டன்கார்ட்டேயும், ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். முதலில் பூசிய நிறம், தோலின் நிறம், கியர் வகை எல்லாம் அந்த அட்டையில் குறியீடாக இருக்கும். வியாபாரி அட்டையைக் காட்டத் தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவரோடு இப்படி ஒரு காரைப் பார்க்கப் போனேன். இதே குடும்பத்து ஆறு சிலிண்டர் கப்ரியோலே, கறுப்பு நிறம், கண்ணாடி மாதிரி மினுங்கியது. நாங்கள் கூட்டிப்போன மெக்கானிக் காரை ஓட்டியே பார்க்கவில்லை. முதலில் பக்கவாட்டில் ஜாக் போட்டு ஒரு சக்கரம் நிலத்தை விட்டு எழும்பும் அளவுக்கு உயர்த்தினார். பிறகு கதவைத் திறந்து மெதுவாகச் சாத்தினார். கதவு பூட்டில் தட்டி நின்றது. அழுத்தித் தள்ளியபோது பின் விளிம்பில் கிறீச்சென்று ஒரு சத்தம். கூரை இல்லாத காருக்குக் கதவின் கீழே ஓடும் பெட்டிச்சட்டம்தான் முதுகெலும்பு. அது உள்ளே துருப்பிடித்திருந்தால் கார் நடுவில் தொய்யும், கதவின் இடைவெளி சுருங்கும். பிறகு ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கீழ்ப்பகுதியில் வைத்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் அது ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. உள்ளே இரும்பு இல்லை, பூச்சு மாவு. அன்றைக்கு அந்த மெக்கானிக்குக் கொடுத்த 400 யூரோவைப் போலப் பயன் தந்த செலவை நான் அதிகம் பார்த்ததில்லை.

"புதுப்பித்தது" என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு மதிப்பும் இல்லை. எப்போது, யார் செய்தார்கள், எத்தனை மணி நேரக் கூலி, வெறும் தகடாக இருந்தபோது எடுத்த படங்கள் எங்கே, பற்றுச்சீட்டு எங்கே? இவை இருந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள். "நிலை ஒன்று" என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். இங்கே ஒன்று முதல் ஐந்து வரை தரம் போடுகிறார்கள். ஒன்று என்றால் குறையே இல்லாத, புதிதுக்கு ஒப்பான கார். அப்படிப்பட்டவை மிகக் குறைவு. விற்பவர் வாயால் சொல்லும் ஒன்று, சுயாதீன மதிப்பீட்டாளர் பார்க்கும்போது இரண்டாகவோ அதற்கும் கீழாகவோ இறங்குவது வழக்கம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது "வாடிக்கையாளர் சார்பில்" என்ற சொல். வியாபாரியே சொந்தமாக விற்றால், பழைய பொருளாக இருந்தாலும் மறைந்திருக்கும் குறைக்கு அவர் சட்டப்படி பொறுப்பு. அதை ஒரு வருடத்துக்குக் கீழே குறைக்க முடியாது. தனியாள் ஒருவருக்காக இடையில் நின்று விற்றால், அந்தத் தனியாள் ஒப்பந்தத்தில் இந்தப் பொறுப்பை முழுக்க விலக்கி எழுதலாம். கடையின் மேசையில் இருந்து கையெழுத்துப் போடுவீர்கள், சட்டப்படி வாங்கியதோ முகம் தெரியாத ஒருவரிடம். 240,000 யூரோவுக்கு அப்படிக் கையெழுத்துப் போடக் கூடாது.

இனிக் கணக்கு. நிதியை விற்றால் லாபம் 80,000. பங்கு நிதி என்பதால் அதில் 30 வீதத்துக்கு வரி இல்லை, மிச்சம் 56,000. கணவன் மனைவிக்கான 2,000 யூரோ வரி விலக்கு முழுவதும் கையில் இருப்பதாக வைத்தால் 54,000. அதற்கு வரி, சேர்ச் உறுப்பினர் கட்டும் சேர்ச் வரி இல்லாமல், 26.375 வீதம், ஏறக்குறைய 14,240 யூரோ. கார் வாசலுக்கு வரும் முன்பே போகிற காசு இது. கையில் கிடைப்பது 195,760. மீதி 44,240ஐ டாகஸ்கெல்டில் இருந்து எடுக்க வேண்டும், அங்கே 25,760 மிஞ்சும். வீட்டுக் கடன் 60,000 அப்படியே நிற்கும். 2028இல் வங்கியோடு புதிய வட்டி பேசும்போது உங்கள் சேமிப்பு முழுவதும் கராஜுக்குள் நிற்கும்.

வருடச் செலவு: கராஜ் வாடகை மாதம் 120 என்று வைத்தால் 1,440. காப்புறுதி 1,200 அளவில். பழைய கார்களுக்கான எச் இலக்கத்தகடு கிடைத்தால் வாகன வரி 191.73 மட்டும், அது மலிவு. பராமரிப்புக்கு நான் 3,500க்குக் குறைய எழுத மாட்டேன். பொஷ் நிறுவனத்தின் ஆரம்பகால மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை இதில் இருக்கிறது, அது தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போகின்றன. கூரைத் துணி ஒரு நாள் மாற்ற வேண்டி வரும். கூட்டினால் வருடம் 6,300 யூரோ, பத்து வருடத்துக்கு 63,000.

இதே 240,000 வேறு எங்காவது வரி போக வருடம் 3 வீதம் வளர்ந்தால் பத்து வருடத்தில் 322,500 ஆகும். செலவு 63,000ஐயும் சேர்த்தால் 385,500. விற்கும்போது தரகோ ஏலக் கமிஷனோ 10 வீதம் போகும் என்றால், கார் 428,000 யூரோவுக்கு விலைபோக வேண்டும். அதாவது பத்து வருடமும் இடைவிடாமல் வருடம் 6 வீதம் ஏற வேண்டும். அதுவும் லாபம் பார்க்க இல்லை அண்ணா, சும்மா இருந்த காசோடு சமமாக வர மட்டும்.

அவ்வளவு ஏறுமா? 2022 மே மாதம் ஸ்ருட்காட்டில் ஒரு 300 எஸ்எல்ஆர் 135 மில்லியன் யூரோவுக்கு ஏலம் போன செய்தியைக் காட்டி உங்களை உற்சாகப்படுத்துவார்கள். அது உலகில் இரண்டே இரண்டு உள்ள பந்தயக் கார் வழிவந்த வண்டி, உங்கள் காரின் விலையோடு அதற்குத் தொடர்பில்லை. நான் பார்ப்பது வாங்கும் ஆட்களை. சிறுவயதில் இந்தக் காரைத் தெருவில் கண்டு ஏங்கியவர்களுக்கு இன்று எழுபது வயது ஆகிறது. அவர்களில் பலர் இனி விற்பவர்கள். நாற்பது வயதுக்காரர்கள் எண்பதுகளின், தொண்ணூறுகளின் கார்களைத்தான் தேடுகிறார்கள்.

"வரி இல்லை" என்பது சரிதான், ஆனால் உங்கள் திட்டமே அதைக் கெடுத்துவிடலாம். தனியாள் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த சேகரிப்புக் காரை விற்றால் லாபத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் அந்தப் பொருளை வைத்து ஒரு வருடமாவது வருமானம் பார்த்திருந்தால் அந்த ஒரு வருடக் காலம் பத்து வருடமாகிவிடும், அதற்குள் விற்க நேர்ந்தால் லாபத்துக்கு வரி. கல்யாண வாடகை என்பது அப்படியான வருமானம். அதை ஒழுங்கான தொழிலாகவே நடத்தினால் காரையே தொழிலின் சொத்தாக வரி அலுவலகம் கணக்கில் எடுக்கலாம், பிறகு எத்தனை வருடம் போனாலும் லாபத்துக்கு வரி. காப்புறுதி இன்னொரு சிக்கல். பழைய கார்களுக்கான மலிவுக் காப்புறுதி சொந்தப் பாவனைக்கானது, வாடகைக்கு விட்டபோது இடித்தால் கைவிரித்துவிடுவார்கள். மாப்பிள்ளை பொம்பிளையைக் காசுக்கு ஏற்றி நீங்களே ஓட்டினால் ஆள் ஏற்றும் உரிமமும் வாடகை வண்டி அனுமதியும் வேண்டும். அப்பா ஏ40 ஓட்டிய தெருவில் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். இங்கே கேட்பார்கள்.

உங்களுக்கு என் யோசனை இது. அந்த 3.5 லீற்றர் இயந்திரத்தையே 1971இல் வந்த 350 எஸ்எல் திறந்த காருக்கும் வைத்தார்கள். அதுவும் உங்கள் சின்டல்ஃபிங்கனில் செய்ததுதான். அந்தக் குடும்பத்துக் கார்கள் 1989 வரை 237,000க்கும் மேல் வந்ததால் உதிரிப்பாகம் தாராளம், விலையும் நீங்கள் சொல்லும் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். நல்ல ஒன்றைப் பொறுமையாகத் தேடுங்கள், 35,000க்கு மேல் போக வேண்டாம். டாகஸ்கெல்டில் இன்னும் 35,000 இருக்கும், பங்கு நிதி தொடாமல் வளரும். விலை ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் ஓய்வுகாலம் ஆடாது. மனைவியிடமும் இந்தத் தொகையோடு போய்ப் பேசுங்கள். அவர் மறுத்தது காரையா, 240,000ஐயா என்று எனக்குக் கடிதத்தில் விளங்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கப்ரியோலேயைப் பார்க்கத்தான் போவீர்கள் என்றால் முற்பணம் ஒரு யூரோவும் கொடுக்க வேண்டாம். அடிச்சட்ட எண்ணையும் தரவு அட்டையையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஏழுதானா என்று சேர்ந்து பார்ப்போம்.