வழியில் சேதமான சாமான், மறுக்கப்பட்ட காப்புறுதி: வாசகர் கேள்வி - பதில்

லண்டனிலிருந்து தம்பி கப்பலில் போட்ட பெட்டியில் ரிவியும் பீங்கான் செட்டும் உடைந்து வந்தன. பெட்டியை நீங்களே கட்டியது என்று காப்புறுதியில் மறுத்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய ஏலாதா? (பரந்தன்)

ஏலும். முதலில் தம்பியிடம் காப்புறுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். பொதி அனுப்பும் சில கடைகள் 'இன்சூரன்ஸ்' என்று வாங்கும் காசு காப்புறுதியே அல்ல, கடையின் சொந்த வாக்குறுதி மட்டுந்தான். காப்புறுதி நிறுவனத்தின் பெயரும் பொலிசி இலக்கமும் இல்லாவிட்டால் நீங்கள் கேட்க வேண்டியது கடைக்காரரிடம்.

பொலிசி இருந்தால், மறுப்புக் கடிதம் காட்டும் வாசகத்தைப் பொலிசியிலேயே தேடி வாசியுங்கள். இரண்டு வகையாக இருக்கும். 'உரிமையாளர் கட்டிய பெட்டியில் உடைவுக்கு இழப்பீடு இல்லை' என்று தனி வரி இருந்தால் வழி ஒடுக்கம். தீ, கப்பல் மூழ்கல், வாகனம் புரளல் போன்றவற்றால் உடைந்தால் மட்டும் இழப்பீடு உண்டு என்று அந்த வரியில் இருக்கிறதா என்று பார்க்கலாம். 'போதாத கட்டு' என்ற பொதுவான வாசகம் என்றால் வாதாட நிறைய இடமுண்டு. சரக்குக் காப்புறுதிகளில் பொதுவாகப் பயன்படும் 2009ஆம் ஆண்டு வாசகப்படி, பயணத்தில் வழமையாக நடப்பவற்றைத் தாங்காத கட்டுத்தான் போதாத கட்டு. பாரந்தூக்கும் வண்டியின் (ஃபோர்க்லிஃப்ட்) கம்பி பெட்டியைக் குத்தித் துளைத்திருந்தால் அது வழமையான சம்பவம் அல்ல. துளை, நசுங்கிய மூலை, ஈரக்கறை எல்லாவற்றையும் அளவுநாடா வைத்துப் படமெடுங்கள். பெட்டியையும் உள்ளே வைத்த பஞ்சையும் எறியவேண்டாம்.

ரிவிக்கு இன்னொரு சிக்கல் வரும்: 'வெளியே சேதமில்லாத மின்கோளாறு' என்று தட்டிவிடுவார்கள். திருத்துபவரிடம் தொடர் இலக்கத்தோடு, திரை எந்த இடத்தில் அடிபட்டு வெடித்திருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். பீங்கானில் 12 கோப்பையில் 3 உடைந்தால் பெரும்பாலும் அந்த மூன்றுக்குத்தான் காசு. முழுச் செட்டின் விலையைக் கேட்டால் கோரிக்கையே இழுபடும்.

பிரித்தானியப் பொலிசி என்றால் தம்பிதான் முறையிட வேண்டும். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்து 6 மாதத்துக்குள், அல்லது 8 வாரமாகியும் பதில் வராவிட்டால், அங்குள்ள நிதிக் குறைகேள் சேவைக்குப் போகலாம். தனியாளுக்கு அது இலவசம்.

சீனாவிலிருந்து இறக்கிய கச்சான் எண்ணெய் மெசின் துருப்பிடித்து வந்தது. 'சி வாசகத்தில் இது அடங்காது' என்கிறார்கள். (வவுனியா)

அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியே. சரக்குக் காப்புறுதி வாசகம் 'ஏ', 'பி', 'சி' என மூன்று வகை; 'ஏ' ஆகக் கூடியது, 'சி' ஆகக் குறைந்தது. விற்றவர் 'சி.ஐ.எஃப்.' விலையில் (சாமான், காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த விலை) அனுப்பியிருந்தால், விலையின் 110 வீதத்துக்கு ஆகக் குறைந்த 'சி' வாசகக் காப்புறுதி எடுத்தாலே அவரது கடமை முடிந்துவிடும். 'சி'யில் தீ, கப்பல் மூழ்கல், மோதல், வாகனம் புரளல் போன்றவை மட்டும். கடல்நீர் உட்புகுந்தால் 'பி' வேண்டும். மழைநீருக்கு 'ஏ'தான் வேண்டும். ஒப்பந்தத்தில் 'ஏ' என்று எழுதியிருந்தும் அவர் 'சி' எடுத்திருந்தால், காசை விற்றவரிடமே கேளுங்கள்.

அடுத்த வழி கப்பல் நிறுவனம். ஈரம் எங்கிருந்து வந்தது என்பதே அங்கே கேள்வி. துருவைத் துடைக்காமல், சேவேயரைக் (சேதத்தை மதிப்பிடுபவர்) கொண்டு வெள்ளி நைத்திரேற்றுச் சோதனை செய்வியுங்கள். வெண்ணிற வீழ்படிவு வந்தால் உப்பு இருக்கிறது, கடல்நீர் என்பதற்கு அது அடையாளம். வராவிட்டால் மழை அல்லது கொள்கலன் வியர்வை (உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து நீர்த்துளியாவது). ஒருவர் கொள்கலனுக்குள் நிற்கக் கதவைச் சாத்தி, வெளிச்சம் வரும் ஓட்டையைத் தேடுவது மழையையும் வியர்வையையும் பிரிக்கும் எளிய வழி (வெளியே இன்னொருவர் காவல் நிற்கட்டும்). ஓட்டை இருந்தால் கொள்கலனின் இலக்கத்தோடு படமெடுங்கள். வெறும் வியர்வை என்றால் ஈரம் உறிஞ்சும் பைகளும் துருத்தடுப்பு எண்ணெயும் போட்டார்களா என்ற கேள்வி விற்றவரிடம் திரும்பும்.

பொதியைச் 'சரியாகப் பெற்றேன்' என்று கையொப்பமிட்டு எடுத்தேன். பிறகுதான் உடைவு தெரிந்தது. (புதுக்குடியிருப்பு)

அந்தக் கையொப்பம் எதிரான சான்றுதான், ஆனால் மறுத்து நிரூபிக்கலாம். வெளியே தெரியாத சேதமென்றால் கப்பல் சரக்கில் 3 நாளுக்குள், விமானச் சரக்கில் 14 நாளுக்குள் எழுத்தில் அறிவியுங்கள். தொலைபேசியில் சொன்னது எண்ணப்படாது. வழக்குக் காலம் கப்பலுக்கு 1 வருடம், விமானத்துக்கு 2 வருடம். காப்புறுதியோடு கடிதப் போக்குவரத்து நடப்பதால் இந்தக் கெடு நிற்காது. பலர் தவறவிடுவது இதைத்தான்.

மாங்குளத்திலிருந்து தம்புள்ளைக்கு ஏற்றிய பப்பாசி மழையில் அழுகியது. லொறிக் காப்புறுதி தரமாட்டாதா?

தராது. அது வாகனத்துக்கும் மூன்றாம் ஆளுக்கும் உரியது. ஏற்றிய சாமானுக்குத் தனியாகச் சரக்குப் போக்குவரத்துக் காப்புறுதி எடுக்கவேண்டும். அதிலும் தாமதத்தாலோ பழத்தின் சொந்த இயல்பாலோ அழுகினால் காசில்லை. படங்கு கிழிந்து நனைந்ததென்றால் லொறிக்காரரிடம் கேளுங்கள், கிழிந்த படங்கின் படத்தோடு.

90,000 ரூபா சேதத்துக்கு 60,000தான் தருகிறார்கள். ஏமாற்றா?

சாமானின் பெறுமதி 3 இலட்சமாக இருக்க 2 இலட்சத்துக்கே காப்புறுதி செய்திருந்தால் கணக்குச் சரி. மூன்றில் ஒரு பங்கை நீங்களே தாங்கியதாகக் கொள்வார்கள். வாங்கிய பற்றுச்சீட்டைக் காட்டி, உண்மையான பெறுமதி 2 இலட்சமே என்று நிறுவ முடிந்தால் முழுத் தொகையும் கேட்கலாம்.

மறுப்புக்கு எதிராக எங்கே முறையிடுவது? (முல்லைத்தீவு)

மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம்: பொலிசி இலக்கம், அவர்கள் காட்டிய வாசகம், அதற்கு உங்கள் பதில், இணைத்த சான்றுகளின் பட்டியல், கேட்கும் தொகை. குடும்பக் கஷ்டத்தை எழுதினால் வாசகத்துக்கான பதில் அதற்குள் மறைந்துபோகும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். அதற்கும் இணங்காவிட்டால் கொழும்பிலுள்ள காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்குப் போகலாம், கட்டணமில்லை. காப்புறுதித்துறையை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். ஆணைக்குழுவுக்குத் தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. பொலிசி ஆங்கிலத்தில் இருந்தால் அந்த வாசகத்தின் பக்கத்தைப் பிரதி எடுத்து, வரியைக் கோடிட்டு இணையுங்கள்.